கொடுக்காததை எடுத்தல்

வேலூர்
12 பிப்ரவரி 2024

தம்பி அழகுபாண்டிக்கு அக்கா எழுதுவது.

நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் தங்கப்பொண்ணும் திவ்யாவும் சுகம்தானே?

ஆபரேஷன் முடிந்த மறுநாள் நீ ஐ.சி.யூ. கண்ணாடிக்கு வெளியே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாய் என்று ஐரின் டீச்சர் சொன்னார். அன்றைக்கே ரயில் ஏறிவிட்டாய் என்றும் சொன்னார். கடையைப் பார்க்க ஆளில்லை, எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரியாகப் பழகிய பாவத்துக்கு அவர்தான் இன்னும் என் கூடவே கிடக்கிறார்.

குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாக. சோறு இறங்கும், பேச்சு வராது. வக்கீலுக்கு வரக் கூடாத நோயை விதி தேடிப் பிடித்து எனக்குக் கொடுத்திருக்கிறது என்று டாக்டரிடம் எழுதிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்து ரேடியேஷன். சித்திரை கழிந்துதான் மதுரைக்கு வர முடியும்.

வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். நான் பத்து வரி அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு பம்ப் செட் விற்கப் போய்விடுகிறாய். கடிதம் என்றால் உட்கார்ந்து படிக்க வேண்டும், உட்கார்ந்து பதில் எழுத வேண்டும். அதனால் கடிதம்.

என் வீட்டு மாடி அறை ஜன்னல்களை வாரம் ஒருமுறை திறந்து வை. அலமாரிகளில் வேப்பிலை மாற்று. யாரையும் உள்ளே விடாதே. இன்னொன்று: கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில் நூல் போட்டுக் கட்டிய மெல்லிய புத்தகங்கள் இருக்கும். அட்டை கிடையாது. ரங்கூனில் அச்சான தீர்ப்புகள். முதல் கட்டை மட்டும் தடித்த தாளில் சுற்றி இங்கே அனுப்பு. படுத்துக்கொண்டே படிப்பேன்.

மருந்துச்சீட்டு மாதிரி எழுதிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கும் சர்க்கரை இருக்கிறது.

நாகஜோதி


ஒச்சாண்டம்மன் துணை

காளவாசல், மதுரை
26 பிப்ரவரி 2024

பாசமுள்ள அக்காவுக்குத் தம்பி அழகுபாண்டி வணங்கி எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். உன் உடம்பு தேற வேண்டும் என்று அம்மனுக்குக் கிடா நேர்ந்திருக்கிறோம். தங்கப்பொண்ணு செவ்வாய்க்கிழமை விரதம் இருக்கிறாள்.

உன் கையெழுத்தைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. அன்று உன்னை அந்தக் குழாய்களோடு பார்த்தபிறகு நான் ரயிலில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

நல்ல செய்தி ஒன்று. திவ்யாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. உதவிப் பேராசிரியர். சட்டம்தான் சொல்லிக்கொடுக்கிறாள். உன் வழியில் வந்தவள் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

ரத்த ஓட்டத்துக்கு மாதுளம்பழம் நல்லதாம். கடையில் பம்ப் செட் சீசன் தொடங்கிவிட்டது. கொரியரில் எதை அனுப்பினாலும் கசக்கிவிடுகிறான்கள், அதனால் இப்போது எதுவும் அனுப்பவில்லை. நீ நிம்மதியாக ஓய்வெடு. வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே.

உன் தம்பி
அழகுபாண்டி


வேலூர்
8 மார்ச் 2024

அன்புத் தம்பிக்கு,

ரேடியேஷனில் கழுத்துத் தோல் கருகி உரிகிறது. மற்றபடி நன்றாக இருக்கிறேன். விரதமெல்லாம் தங்கப்பொண்ணுக்கு வேண்டாம், அவளுக்கு ரத்தசோகை.

திவ்யா சேதி படித்துச் சந்தோஷப்பட்டேன். எந்தக் கல்லூரி என்று எழுதவில்லையே? அவளைத் தனியாக எனக்கு எழுதச் சொல்.

வீட்டைப் பற்றி நான் கவலைப்படவில்லை. மாடி அறையைப் பற்றிக் கேட்டேன். அதற்கு உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை. கசங்கினால் பரவாயில்லை, அனுப்பு.

நான் எதைச் சேர்க்கிறேன் என்று இத்தனை வருடத்தில் நீ ஒருநாளும் கேட்டதில்லை. இங்கே படுத்திருக்கிறவளுக்கு நேரம் இருக்கிறது, சொல்கிறேன். ஜூனியராக இருந்தபோது தல்லாகுளத்தில் பர்மாவிலிருந்து திரும்பிய ஓர் அம்மாள் டிரங்குப் பெட்டியோடு ஆபீசுக்கு வந்தார். பெட்டி நிறைய ரங்கூன் சட்டப் புத்தகங்கள். அவருடைய வீட்டுக்காரர் அங்கே வக்கீல் குமாஸ்தா. என் சீனியர் அவற்றைத் தள்ளிவிடச் சொன்னார். நான் வீட்டுக்குத் தூக்கிவந்தேன். பர்மாவில் பௌத்தர்களுக்கு என்று தனிச் சட்டம் இருந்தது. சேர்ந்து சம்பாதித்ததில் பெண்டாட்டிக்குப் பங்கு, மகளுக்கும் மகனைப் போலப் பங்கு. நம் ஊர்ப் பெண்கள் நகையோடு அனுப்பப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்த காலத்தில் அங்கே ஒரு கிழவி தன் பாதி வயலுக்காக வழக்காடி ஜெயித்திருக்கிறாள். அந்தத் தீர்ப்பை வாசித்த அன்று எனக்குத் தூக்கமில்லை.

அதிலிருந்து பிக்குகளின் சட்டத்துக்குப் போனேன். அதில் எந்த விதியும் சும்மா வராது. ஒருவன் தப்புச் செய்வான், ஒருத்தி முறையிடுவாள், புத்தர் அவனைக் கூப்பிட்டு, இது உண்மையா என்று முதலில் கேட்பார். அவன் வாயால் கேட்டபிறகுதான் விதி. புதுமண்டபத்துப் பழைய கடைகளில், கொழும்பில், ஓய்வுபெற்ற ஜட்ஜ்களின் மனைவிமார் வீட்டுப் பரணில் என்று தேடித் தேடிச் சேர்த்தேன். பாலி மொழியை முப்பத்தெட்டு வயதில் படித்தேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள் தங்கத்தில் போடாததை அதில் போட்டேன் என்று வைத்துக்கொள்.

புத்தகக் கட்டை அனுப்பு. பதில் எழுது.

அக்கா


கே.கே. நகர், மதுரை
2 ஏப்ரல் 2024

கர்த்தருக்குள் அன்பான ஜோதிக்கு ஐரின் எழுதுவது.

தையல் பிரித்த இடம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். நான் அங்கிருந்து கிளம்பி வந்தபின் உனக்கு அமர்த்திய பெண் ஒழுங்காக வருகிறாளா? உனக்காக ஜெபிக்கிறேன். இதை எழுதலாமா வேண்டாமா என்றும் ஜெபித்தேன். எழுதிவிடுகிறேன்.

உன் மாடி அறை காலி. புத்தகமும் இல்லை, அலமாரியும் இல்லை. எதிர்வீட்டுக்காரர்கள் சொன்னார்கள், நீ ஐ.சி.யூ.வில் இருந்த அந்த வாரமே லாரி வந்ததாம். நான் நேரே காளவாசலில் உன் தம்பி கடைக்குப் போனேன். முதலில் வெள்ளையடிக்கிறோம் என்றார். நான் நகரவில்லை. கல்லாவை விட்டு எழுந்து வந்து சொன்னார்: “டீச்சர், அக்கா திரும்பி வாரது கஷ்டம்னு எனக்குப் பட்டுச்சு. அம்புட்டுப் புத்தகத்தையும் வச்சு நான் என்ன செய்ய? ஒரு நல்ல காரியமாப் போகட்டுமேன்னு எங்க சொந்தம் சுருளி மாமா நடத்துற காலேஜுக்குக் குடுத்துட்டேன். அங்க சட்டப் படிப்பு ஆரம்பிச்சிருக்காக.”

வக்கீல் ஆல்பினைக் கூட்டிக்கொண்டு அங்கேயும் போய்ப் பார்த்தேன். பெரிய ஹால், வெளியே பளிங்குப் பலகை. ‘விருமாண்டி நினைவு நூலகம்’ என்று பொன்னெழுத்து. உன் அப்பாவின் படம், மாலை போட்டு. திறப்பு விழா மார்ச் முதல் வாரமே நடந்துவிட்டது. ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் ஊதா மையில் அந்தப் பெயரை முத்திரை குத்தியிருக்கிறார்கள். உன் பெயர் எங்கும் இல்லை.

ஆல்பின் கொதித்துப்போயிருக்கிறான். உன்னிடம் ஜூனியராக இருந்த நாளில் அந்த அறையில்தானே அவன் படித்தான். உணர்ச்சிவசப்பட்டு ரேடியேஷனை விட்டுவிட்டு வந்துவிடாதே. கர்த்தர் உன்னைத் தாங்குவாராக.

ஐரின்


வேலூர்
6 ஏப்ரல் 2024

அழகுபாண்டிக்கு,

நலம் விசாரிக்க மனமில்லை.

இது உண்மையா? பிக்குகளின் சட்டத்தில் கேட்பதுபோல முதலில் உன்னைக் கேட்கிறேன். என் வீட்டுச் சாவியை உன்னை நம்பிக் கொடுத்தேன். நான் மூக்கில் குழாயோடு கிடந்த வாரம் லாரி பிடித்து என் அறையை வழித்தெடுத்துச் சுருளி மாமாவுக்குக் கொடுத்தாய். உண்மையா? நான் கடிதம் எழுதிக் கேட்டபோது மாதுளம்பழத்தைப் பற்றிப் பதில் எழுதினாய். உண்மையா?

நான் சாவேன் என்று முடிவு செய்தாய். சரி, டாக்டரே அப்படித்தான் நினைத்தார். சாகும்வரை பொறுத்திருக்கக் கூடாதா? எனக்குக் காரியம் செய்யுமுன்பே என் புத்தகங்களுக்குக் காரியம் செய்துவிட்டாய். அந்தச் சட்டத்தில் திருட்டு என்ற சொல்லைச் சுற்றிவளைக்காமல் வைத்திருக்கிறார்கள். கொடுக்காததை எடுத்தல். அவ்வளவுதான். நான் கொடுக்கவில்லை. நீ எடுத்தாய்.

அதற்குப் பிறகு யார் பெயரை வைத்தாய்?

நான் சட்டம் படிக்கப்போவதாகச் சொன்ன அன்று அய்யா என்ன செய்தார் என்று நீ மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். என் முதல் புத்தகத்தை, லைப்ரரியில் இரவல் வாங்கியதை, மாட்டுக் கழனித் தொட்டியில் போட்டு உலக்கையால் அழுத்தினார். “பொட்டச்சிக்குக் கோர்ட்டுல என்னடி சோலி?” என்றார். நீ அப்போது எட்டாம் வகுப்பு. தொழுவத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு அவர் செத்த நாள்வரை என் ஆபீஸ் படி ஏறவில்லை. என்னைப் பற்றிக் கேட்டவர்களிடம், மூத்தது ஒன்று மதுரையில் கிடக்கிறது என்றுதான் சொல்வாராம். அந்த மனிதன் பெயரை என் புத்தகங்களின் நெற்றியில் குத்தியிருக்கிறாய். வேறு யார் பெயரையாவது வைத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரியாது. ஒச்சாண்டம்மன் பெயரை வைத்திருக்கலாம். உன் கடைப் பெயரை வைத்திருக்கலாம்.

நான் இங்கே கத்த முடியாமல் கிடக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் நான் தலையணையைக் குத்துவதைப் பார்த்து நர்ஸைக் கூப்பிட்டார்.

ஒரு புத்தகம் குறையாமல் என் வீட்டுக்குத் திரும்ப வர வேண்டும்.

நாகஜோதி


காளவாசல், மதுரை
30 ஏப்ரல் 2024

அக்காவுக்கு,

உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அதுதான் முதலில்.

நான் திருடவில்லை. ஒரு பைசா வாங்கவில்லை. நாலு பிள்ளைகள் படிக்கட்டும் என்று செய்தேன். நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய், எனக்குப் பிறகு இதெல்லாம் என்ன ஆகுமோ என்று. அதைத்தான் செய்தேன். கொஞ்சம் முந்திவிட்டது, அது தப்புதான்.

பெயர் விஷயம் சுருளி மாமா முடிவு. நம் சனம் பூராவும் வந்திருந்த விழா. அய்யா பெயரைச் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். அய்யா அந்தக் காலத்து மனிதர், கோபக்காரர். செத்தவரிடம் கணக்குத் தீர்த்து என்ன செய்யப் போகிறோம்? இப்போது போய்த் திருப்பிக் கேட்டால் நாலு பேர் முன்னால் அவர் பெயர்தான் கெடும். என் முகத்தில் யார் முழிப்பார்கள்?

நீ வந்ததும் அங்கே ஒரு மேசை போட்டுத்தருவதாக மாமா சொல்கிறார். எப்போது வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாமாம்.

கார் அனுப்பி உன்னைக் கூட்டிவர ஏற்பாடு செய்யட்டுமா? எழுது.

அழகுபாண்டி


கே.கே. நகர், மதுரை
24 மே 2024

அழகுபாண்டிக்கு,

மதுரைக்கு வந்துவிட்டேன். உன் காரில் வரவில்லை. உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரே ஊரில் இருந்துகொண்டு தபால்தலை ஒட்டி எழுதுகிறேன். நீ ஒருமுறை வந்து வாசலில் நின்றாய், கதவைத் திறக்கவில்லை. இனியும் திறக்க மாட்டேன். எழுத்தில் வா.

நேற்று ஐரின் டீச்சரோடு அந்தக் கல்லூரிக்குப் போனேன். சுருளி மாமா எழுந்து நின்று கும்பிட்டார். நான் எழுதும் பலகையில், ‘இவை என் புத்தகங்கள். கொடுக்க அழகுபாண்டிக்கு உரிமையில்லை’ என்று எழுதி அவர் மேசைமேல் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பேச்சு வராது என்றதும் காதும் கேட்காது என்று முடிவுகட்டிவிட்டார். “அம்மா... என்ன... சொல்றாக?” என்று ஐரின் டீச்சரிடம் ஊருக்கே கேட்கும்படி கத்தினார். பிறகு என் பக்கம் குனிந்து, “நீங்க... நல்லா... ரெஸ்ட்... எடுக்கணும்” என்றார். முப்பது வருடம் அந்தத் தொண்டையைக் கேட்டு நடுங்கிய கோர்ட் ஒன்று தல்லாகுளத்தில் இருக்கிறது. அது தெரியாத ஓர் ஆள் எனக்குப் பாடம் நடத்துகிறார். கடைசியில், “குடுத்தது குடுத்ததுதான்மா. போட்டோ பேப்பர்ல வந்துருச்சு. யுனிவர்சிட்டிக்காரக வந்து லைப்ரரியப் பாத்துட்டுப் போயிட்டாக” என்றார்.

நூலகத்தைப் பார்த்தேன். புத்தகங்களை உயரவாரியாக அடுக்கியிருக்கிறார்கள். தோல் அட்டை முன்வரிசையில். சிங்கள எழுத்தில் உள்ளவற்றைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். ஒருவரும் படிக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பூட்டு வேறு.

வராந்தாவில் எதிரே வந்தது யார் தெரியுமா? கழுத்தில் அடையாள அட்டையோடு உன் மகள். “அத்தே!” என்று ஓடிவந்தாள். நான் நின்ற இடத்தில் நின்றேன். எந்தக் கல்லூரி என்று நான் கேட்டதற்கு ஏன் பதில் வரவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. ஒரு பைசா வாங்கவில்லை என்று எழுதினாயே. உண்மைதான். பைசா வாங்கவில்லை. என் புத்தகத்தைக் கொடுத்து உன் மகளுக்கு நாற்காலி வாங்கினாய். பலகையில் அதைத்தான் எழுதி அவளிடம் நீட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. எனக்குப் பரிதாபம் வரவில்லை.

இனி ஒரே வழிதான். ஆல்பின் வழக்குப் போடுகிறான். புத்தகங்கள் நாகஜோதியுடையவை, அவளைக் கேட்காமல் நான் கொடுத்தேன் என்று நீ பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் தம்பி. போடாவிட்டால் நீ இரண்டாம் பிரதிவாதி.

நாகஜோதி


காளவாசல்
18 ஜூலை 2024

மதினிக்குத் தங்கப்பொண்ணு எழுதுறது. கழுத்துப் புண்ணு ஆறிருச்சா மதினி? நான் எழுதிப் பழக்கமில்லாதவ, தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

அவுக உங்க கடுதாசியச் சட்டைப் பையிலயே வச்சிருக்காக. பதில் எழுதலன்னு நெனைக்காதீக. எழுத உக்காருறாக, கிழிக்கிறாக. ரெண்டு மாசமா இதான் நடக்குது. கடைக்குப் போனா வாடிக்கைக்காரக கிட்ட வள்ளுவள்ளுன்னு விழுறாக. ராத்திரிச் சாப்பாடு பாதியோட போகுது. சுருளி மாமா ஆளு விட்டுட்டாரு, கையெழுத்துப் போட்டா சாதிசனத்துல ஒரு நல்லது கெட்டதுக்குக் கூப்பிட மாட்டோம்னு.

நான் ஒண்ணு கேக்கேன் மதினி, கோவிச்சுக்கிடாதீக. புத்தகந்தானே? உசுரோட நீங்க திரும்பி வந்துட்டீக, அதுக்கு மேல என்ன வேணும்? திவ்யாவுக்கு மாப்ள பாத்துக்கிட்டு இருக்கோம். காலேஜு வேலைன்னு சொல்லித்தான் பேசியிருக்கு. இந்த நேரத்துல கோர்ட்டு, கேஸுன்னா எந்த வீட்டுல பொண்ணெடுப்பாக? நீங்க மனசு வச்சா முடியும்.

உங்களுக்குக் கேப்பைக்கூழு காச்சிக் குடுத்து விடுறேன், தொண்டைக்கு இதமா இருக்கும்.

தங்கப்பொண்ணு


மதுரை
11 ஆகஸ்ட் 2024

அத்தைக்கு,

நலமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. கேட்கிறேன்.

அம்மா உங்களுக்கு எழுதியது எனக்கு நேற்றுத்தான் தெரியும். நீங்கள் பதில் போடாததும் தெரியும். நான் வேலையை விட்டுவிட்டேன். உங்களுக்காக விட்டேன் என்று நினைக்க வேண்டாம். இன்டர்வியூவில் நான் நன்றாகப் பதில் சொன்னதால் எடுத்தார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். உங்கள் பலகையைப் படித்த பிறகு அந்தப் படியில் ஏறும்போதெல்லாம் கால் கூசியது.

எனக்கு அப்பாமேல் கோபம். உங்கள்மேலும் கோபம். புத்தகத்தை உங்களைக் கேட்காமல் எடுத்தார்கள் என்கிறீர்கள். என்னையும் யாரும் கேட்கவில்லை. அப்பா என்னிடம் சொல்லாமலே என்னை ஒரு பேரத்தில் வைத்தார். நீங்கள் வராந்தாவில் நாலு ஸ்டாஃப் பார்க்க அந்தப் பேரத்தை என் முகத்துக்கு நேராக நீட்டினீர்கள். எனக்குத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? உண்மையா என்று முதலில் கேட்க வேண்டும் என்பது உங்கள் சட்டம்தானே? அப்பா உங்கள் கடிதங்களை மேசைமேல் போட்டுவிட்டுப் போகிறார், நான் எல்லாவற்றையும் படித்துவிட்டேன்.

ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் கேட்ட கீழ்த்தட்டுக் கட்டுகள் கல்லூரிக்கு வரவே இல்லை. லாரியில் ஏற்றும்போதே அப்பா அட்டை இருப்பது, இல்லாதது என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார். அட்டை இல்லாதது பழைய பேப்பர்காரர் வண்டியில் போய்விட்டது. அம்மா சொன்னாள். அப்பா உங்களிடம் இதைச் சொல்ல மாட்டார்.

வேறொரு வேலைக்குச் சென்னையில் சீனியர் வக்கீல் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். அடுத்த வாரம் கிளம்புகிறேன்.

திவ்யா


கே.கே. நகர், மதுரை
5 டிசம்பர் 2024

திவ்யாவுக்கு அத்தை எழுதுவது.

சென்னை மழை வெள்ளத்தில் உன் அறை நனையாமல் இருக்கிறதா? நான் நன்றாக இருக்கிறேன். கழுத்துத் துளைக்குப் பழகிவிட்டேன்.

உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் எழுதாததற்குக் காரணம், அதில் நான் மறுக்கக்கூடியது ஒன்றும் இல்லை. உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கீழ்த்தட்டு விஷயத்தைப் படித்த அன்று நான் மாடியில் போய் அந்த வெற்றுத் தரையில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை.

நேற்று உன் அப்பா கோர்ட்டுக்கு வந்தார். நீ அங்கே இல்லை, அதனால் சொல்கிறேன். பிரமாணப் பத்திரம் அனுப்பாததால் அவரையும் பிரதிவாதியாகச் சேர்த்திருந்தோம். சுருளி மாமாவின் வக்கீல், இது காலஞ்சென்ற விருமாண்டியின் சொத்து, ஆண் வாரிசு மனமுவந்து தானம் கொடுத்தார் என்று வாதாடினார். ஆண் வாரிசு என்றதும் ஆல்பின் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் மேசையை ஓங்கித் தட்டினேன். என்னால் செய்ய முடிந்தது அதுதான். ஜட்ஜ் அம்மாள் நிமிர்ந்து பார்த்தார், கண்டிக்கவில்லை. பின்வரிசையில் நின்ற உன் அப்பாவை முன்னால் வரச் சொன்னார்.

“உங்க அப்பா என்ன படிச்சிருந்தாரு?”

“அய்யா கைநாட்டுங்கம்மா.”

யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் அம்மாள் சிரிக்கவில்லை.

“அப்ப இதையெல்லாம் யாரு வாங்குனது, யாரு படிச்சது?”

உன் அப்பா துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். சுருளி மாமா தொண்டையைக் கனைத்தார். உன் அப்பா அவர் பக்கம் திரும்பாமல், “எங்க அக்காதாம்மா. அம்புட்டும் அக்கா வாங்குனது. அய்யா அதுல ஒண்ணத் தொட்டதில்ல. தொட்டதும் ஒண்ணு உண்டு, அத மாட்டுத் தொட்டில போட்டாரு” என்றார்.

“பின்ன நீங்க எப்படிக் குடுத்தீங்க?”

“அக்கா செத்துரும்னு நெனச்சேம்மா.”

அவர் என் பக்கம் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. எனக்கு ஆறுதலாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. என் சொந்தத் தம்பி வாயால் அதைக் கேட்டபோது கோபம் இன்னும் ஏறியது. ஆனால் பொய் சொல்ல அவருக்கு ஆள் பலமும் காரணமும் இருந்தன, அவர் சொல்லவில்லை. அதையும் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

வெளியே வந்ததும் சுருளி மாமா ஆல்பினிடம், பேப்பரில் போட வேண்டாம், புத்தகங்களைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றாராம்.

நேரத்துக்குச் சாப்பிடு. கேஸ் கட்டைத் தூக்கி முதுகை ஒடித்துக்கொள்ளாதே.

அத்தை


காளவாசல், மதுரை
20 ஜனவரி 2025

அக்காவுக்கு,

பொங்கல் நல்லபடியாகப் போனதா? உடம்பு எப்படி இருக்கிறது என்று ஐரின் டீச்சரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

புத்தகங்கள் உன் வீட்டுக்கு வந்து இறங்கியதைத் தெருமுனையில் நின்று பார்த்தேன். உள்ளே வரவில்லை.

இந்தப் பொங்கலுக்கு ஊரில் எங்களை யாரும் கூப்பிடவில்லை. மாமா சொன்னதைச் செய்துவிட்டார். பரவாயில்லை. தங்கப்பொண்ணு மட்டும் அழுகிறாள். மகள் வாரம் ஒருமுறை அம்மாவுக்குப் போன் பண்ணுகிறாள், என்னைக் கேட்பதில்லை.

நான் செய்தது எல்லாம் தப்பு. என்னை மன்னித்துவிடு. இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. ஒருநாள் வந்து உன்னைப் பார்க்க வேண்டும். கதவைத் திறப்பாயா?

உன் தம்பி
அழகுபாண்டி


கே.கே. நகர், மதுரை
9 பிப்ரவரி 2025

தம்பி அழகுபாண்டிக்கு,

போன வாரம் வேலூர் போய்ப் பரிசோதனை செய்துகொண்டு வந்தேன். நோய் திரும்பவில்லை. நீயும் சர்க்கரையைப் பார்த்துக்கொள்.

புத்தகங்களைத் துடைத்து முடித்துவிட்டேன். ஊதா முத்திரையைச் சுரண்டிவிடலாம் என்றான் ஆல்பின். சுரண்டினால் தாள் போய்விடும். அதனால் அய்யா பெயர் அப்படியே கிடக்கிறது. அதற்குக் கீழே நான் ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறேன்: ‘வாங்கியதும் படித்ததும் நாகஜோதி, வழக்கறிஞர், மதுரை.’ கை வலிக்கிறது. வலிக்கட்டும்.

எல்லாம் தப்பு என்று எழுதியிருக்கிறாய். எல்லாம் என்று எழுதுவது சுலபம். கல்லூரிக்குப் போகாதவை எங்கே போயின என்று நீ இதுவரை எழுதவில்லை. மன்னிப்புக் கேட்ட கடிதத்திலும் அது இல்லை. எனக்குத் தெரியும். நீ எழுதுவாய் என்று இத்தனை மாதம் காத்திருந்தேன். அந்தக் கட்டுகளில் இருந்த தீர்ப்புகள் வேறு எங்கே இருக்கின்றன என்று ரங்கூனுக்கும் லண்டனுக்கும் எழுதிக் கேட்டிருக்கிறேன். சில இருக்கலாம், சில இல்லை என்கிறார்கள். அந்தக் கிழவியின் வயல் வழக்கு எங்குமே இல்லை. அதை இனி என் நினைவிலிருந்து எழுதிவைத்தால்தான் உண்டு. எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு வரி எழுதும்போதும் உன்மேல் கோபம் வருகிறது. அது தீர்ந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

கீழ்த்தள ஹாலையும் மாடியையும் நூலகமாக்கிவிட்டேன். சட்டமும் பௌத்தமும் படிக்க யார் வேண்டுமானாலும் வரலாம். பூட்டு கிடையாது. வாசலில் என் பெயரில் பலகை. வருகிற மாதம் முதல் ஞாயிறு திறப்பு. ஐரின் டீச்சர் ரிப்பன் வெட்டுகிறார். திவ்யா சென்னையிலிருந்து வருகிறாள், தங்கப்பொண்ணுக்கும் சொல்லியிருக்கிறாள்.

அழைப்பிதழில் உன் பெயர் இல்லை, மேடையிலும் உனக்கு இடமில்லை. ஆனால் கதவு அன்று எல்லோருக்கும் திறந்திருக்கும், நீ வந்தால் சாத்த மாட்டேன். வந்து நாற்காலியில் உட்கார். ஏதாவது ஒன்றை எடுத்துப் படி, தமிழிலும் இருக்கிறது. என்னிடம் வந்து எதுவும் கேட்காதே. என்னால் பேச முடியாது என்பதற்காகச் சொல்லவில்லை. பலகை கையில்தான் இருக்கும். உனக்குப் பதில் எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

அக்கா
நாகஜோதி